வீட்டுக்காரருக்கு கேன்சர், வயித்துல பை: கூட இருக்கறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்டுக்காரருக்கு மலக்குடல்ல கேன்சர்னு தெரிஞ்ச அன்னிக்கு வரைக்கும் ஸ்டோமாங்கற வார்த்தையையே நான் கேட்டதில்ல. மொதல்ல அஞ்சரை வாரம் ரேடியேஷன், கூடவே கீமோ மாத்திரை. அப்பறம் ஆபரேஷன் பண்ணி கட்டி இருந்த பகுதிய எடுத்துட்டு குடல சேத்து தைச்சாங்க, அந்த தையல் ஆறுற வரைக்கும் அது வழியா எதுவும் போகக்கூடாதுன்னு சிறுகுடலோட ஒரு வளைவ வயித்து தோல் வழியா வெளிய எடுத்து வச்சாங்க. அதுதான் ஸ்டோமா. மலம் அது வழியா வந்து மேல ஒட்டியிருக்கற பைல விழும். அந்த பையோடவே ஊசி கீமோவும் நடந்துச்சு, அந்த மருந்து ஏத்தறதுக்காக நெஞ்சுல தோலுக்கு அடில போர்ட்னு ஒரு சின்ன பெட்டி வச்சாங்க. எட்டாவது மாசம் குடல உள்ள வச்சு மூடிட்டாங்க.

அதுக்கப்பறம் இதே நிலைமைல இருக்கற மனைவிங்க, கணவருங்க நெறைய பேர் நேர்லயும் போன்லயும் என்கிட்ட கேட்டதத்தான் இங்க சேத்து வச்சிருக்கேன். நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதத்தான் கேக்கணும்.

டாக்டர் ரூம்ல உக்காந்தா எனக்கு ஒண்ணுமே மண்டைல ஏற மாட்டேங்குது. என்ன கேக்கறதுன்னே தெரியல.

எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு, கேன்சர்னு சொன்னதுக்கு அப்பறம் டாக்டர் சொன்ன பத்து நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு நோட்டு வாங்கிக்கோங்க. முந்தின நாள் ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து கேள்விய எழுதுங்க, டாக்டர்கிட்ட அனுமதி கேட்டுட்டு அவங்க சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. முக்கியமா மொத கேள்விய அவர் கேக்கட்டும். நாம பாட்டுக்கு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா டாக்டரும் நம்ம மூஞ்சிய பாத்தே பேச ஆரம்பிச்சிடுவாங்க, நோயாளி பக்கத்துல ஒரு பார்சல் மாதிரி உக்காந்திருப்பார். இத நான் மூணாவது தடவதான் கவனிச்சேன்.

கேக்காம விட்டுடக்கூடாத சில கேள்விகள் இருக்கு. ஃபைவ் எஃப்யூங்கற கீமோ ஊசியோ கேப்சைடபின்ங்கற கீமோ மாத்திரையோ குடுக்கப்போறாங்கன்னா, டிபிடி டெஸ்ட் எடுப்பீங்களான்னு கேளுங்க. டிபிடிங்கறது அந்த மருந்த ஒடம்புல ஒடைக்கிற என்சைம். சில பேருக்கு பிறவிலயே அது கம்மியா இருக்கும், அவங்களுக்கு சாதாரண டோஸே உயிருக்கு ஆபத்தா போகலாம். ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2020லயே இந்த மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கணும்னு பரிந்துரை பண்ணியிருக்கு, எல்லா எடத்துலயும் தானா எடுத்துட மாட்டாங்க. அப்பறம், இனிமே குழந்த வேணும்னு நெனைக்கிறவங்க கீமோ ரேடியேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விந்து இல்லன்னா கருமுட்டை சேமிச்சு வைக்கறத பத்தி கேட்டுடுங்க, ஆரம்பிச்சிட்டா லேட். கடைசியா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிரச்சனன்னா எந்த நம்பருக்கு கூப்புடணும். அந்த நம்பர எழுதி வாசக் கதவுக்கு பின்னாடி ஒட்டி வச்சிடுங்க.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் வந்து வயித்துல மார்க் பண்ணுவாங்கன்னாங்க. எதுக்கு?

ஸ்டோமா எந்த எடத்துல வரணும்னு பாக்கறதுக்கு. படுத்திருக்கறப்ப தட்டையா இருக்கற எடம் உக்காந்தா மடிப்பாயிடும், மடிப்புல பை ஒட்டாது, லீக் ஆகும். அதனால அவர உக்கார வச்சு, நிக்க வச்சு, குனிய வச்சு பாக்க சொல்லுங்க. அவர் தினமும் போடற பேன்ட்ட எடுத்துட்டு போய் பெல்ட் எங்க வருதுன்னு காட்டுங்க. அவர் குனிஞ்சா அவர் கண்ணுக்கே அந்த எடம் தெரியணும், அப்பதான் பின்னாடி அவரே மாத்திக்க முடியும். இந்த பத்து நிமிஷம் அடுத்த எத்தன மாசத்துக்கு நிம்மதி குடுக்கும்னு அப்ப தெரியாது. யாரும் மார்க் பண்ண வரலன்னா நீங்களே கேட்டு வரவைங்க.

மொத தடவ ஸ்டோமாவ பாக்க எனக்கு பயமா இருக்கு. மூஞ்சில தெரிஞ்சிடுமோன்னு இருக்கு.

தெரிஞ்சாலும் பரவால்ல. நான் பாத்தப்ப கண்ணு கலங்கிடுச்சு, அவரும் பாத்துட்டார். அப்ப நான் "எனக்கு பழகணும், கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு சொன்னேன், "எனக்கும்தான்"னு அவர் சொன்னார்.

முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாதி பயம் போயிருக்கும், அதனால சொல்றேன். நம்ம கன்னத்துக்கு உள்பக்கம் எப்படி இருக்கும், அதே மாதிரி செவப்பா ஈரமா இருக்கும். மொத கொஞ்ச நாள் வீங்கி பெருசா இருக்கும், ஆறுலருந்து எட்டு வாரத்துல சுருங்கும். லேசா அசையும், அது குடலோட இயல்பான அசைவு. அதுல வலி தெரியற நரம்பு கிடையாது, தொட்டா அவருக்கு வலிக்காது, ஆனா அதனாலயே நகம் கீறினாலும் அவருக்கு தெரியாது, பாத்து தொடணும். தொடைக்கிறப்ப துளி ரத்தம் வரலாம், பல் தேய்க்கும்போது ஈறுல வர்ற மாதிரி. ரத்தம் நிக்காம வந்தாலோ, இல்ல ஸ்டோமா கருநீலமாவோ கருப்பாவோ மாறினாலோ காத்திருக்கக்கூடாது, ஒடனே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு. பை வழியா எல்லாம் போனாலும் அவருக்கு கீழ்வழியா போகணும்ங்கற உணர்ச்சி வரும், கொஞ்சம் சளி மாதிரி வரவும் செய்யும். இது எங்களுக்கு யாரும் சொல்லல, அவர் பாத்ரூம்லருந்து வெளுத்துப்போய் வந்தார். அது குடல் தானா சுரக்கறது, சாதாரணம்தான்.

பைய யார் மாத்தணும்? நானா, அவரா?

இதுக்குத்தான் நான் நெறைய சொல்லணும், ஏன்னா இதுலதான் நான் தப்பு பண்ணேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் நானே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். அளவு எடுக்கறது, வெட்டறது, ஒட்டறது, காலி பண்றது எல்லாம் நான்தான். அவர் கண்ண மூடிட்டு படுத்திருப்பார், நான் நல்லா பாத்துக்கறேன்னு எனக்கு ஒரு திருப்தி. தூங்கறப்ப கூட போய் சட்டைய தூக்கி பை நெறஞ்சிருக்கான்னு பாப்பேன். மூணாவது வாரம் ஒரு ராத்திரி என் கைய புடிச்சு நிறுத்திட்டு "இனிமே என்ன கேக்காம சட்டைய தூக்காத"ன்னார். கோவமா கூட சொல்லல, மெதுவாத்தான் சொன்னார். எனக்கு அன்னிக்கு பொசுக்குனு போயிடுச்சு, இவ்ளோ செய்யறோம் இப்டி சொல்றாரேன்னு. அடுத்த நாள் யோசிச்சு பாத்தா, ஆஸ்பத்திரில ரெண்டு வாரம் வந்தவங்க போனவங்க எல்லாம் அவர் ஒடம்ப கேக்காமதான் தொட்டாங்க, வீட்டுக்கு வந்தும் அதே கதைதான்.

அதுக்கப்பறம் நான் முட்டிபோட்டு பக்கத்துல உக்காந்து பொருள எடுத்து குடுக்கற ஆள் ஆயிட்டேன், மாத்தறது அவர். மொத நாள் ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு தடவ கோணலா ஒட்டி மறுபடி பிச்சார். நான் வாய தொறக்காம இருந்தேன், அதுதான் அன்னிக்கு நான் செஞ்ச வேலைலயே கஷ்டமானது. ஒரு மாசத்துல பத்து நிமிஷத்துல முடிச்சிடுவார். கீமோ அடிச்சு போட்ட நாள்ல மட்டும் "இன்னிக்கு நீ பண்ணு"ன்னு கேப்பார், பண்ணுவேன்.

உங்க வீட்டுக்காரரோ மனைவியோ கை நடுக்கம், பார்வை குறைவுன்னு அவங்களால முடியாதுன்னா நீங்கதான் பண்ணணும், அது வேற. அப்பவும் "இப்ப மாத்தலாமா"ன்னு கேட்டுட்டு பண்ணுங்க.

சரி, மாத்தறது எப்டி? எங்களுக்கு நாளுக்கு ரெண்டு தடவ பிஞ்சிட்டு வருது.

ரெண்டு தடவ பியுதுன்னா அளவு தப்பா இருக்கு, இல்ல தோல்ல ஈரமோ எண்ணெய் பசையோ இருக்கு. ஒழுங்கா ஒட்டினா மூணு நாலு நாள் நிக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்தினா போதும். காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி மாத்துங்க, அப்பத்தான் ஸ்டோமா அமைதியா இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சீங்கன்னா நடுவுல ஊத்தும்.

பைய தோலோட ஒட்ட வைக்கற பசைத் தட்டு ஒண்ணு இருக்கும். பழைய தட்ட மேலருந்து கீழ, தோல அமுக்கி புடிச்சுக்கிட்டு மெதுவா உரிங்க, இழுத்து பிக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணில வெறும் துணிய நனைச்சு தொடச்சா போதும். வாசன சோப்பு, க்ரீம், எண்ணெய் கலந்த வெட் டிஷ்யூ எதுவும் வேணாம், அந்த பசைல தட்டு ஒட்டாது. நல்லா ஒத்தி காய விடுங்க. மொத ரெண்டு மாசம் ஸ்டோமா சுருங்கிட்டே இருக்கறதால வாரா வாரம் அளவு எடுக்கணும், தட்டுல ஓட்டைய ஸ்டோமாவ விட ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் பெருசா வெட்டணும். பெருசா வெட்டிட்டா சிறுகுடல்லருந்து வர்ற தண்ணி தோல்ல படும், அதுல செரிமான என்சைம் இருக்கு, தோலயே அரிச்சு புண்ணாக்கிடும். புண்ணான தோல் ஈரமா இருக்கும், ஈரத்துல பை ஒட்டாது, ஒட்டாட்டி இன்னும் புண்ணாகும், இப்டியே சுத்தும். அந்த நெலமைக்கு வந்துட்டா நீங்களா எதையும் தடவாம ஸ்டோமா நர்ஸ்கிட்ட காட்டுங்க, அதுக்குன்னே பவுடர் இருக்கு. ஒட்டினதுக்கு அப்பறம் உள்ளங்கைய அது மேல ரெண்டு நிமிஷம் வச்சிருங்க, கை சூட்டுல பசை நல்லா புடிக்கும்.

காலி பண்றது மூணுல ஒரு பங்கு நெறஞ்சதுமே பண்ணிடணும். நெறைய விட்டா கனத்துலயே தட்டு கழண்டுடும்.

ராத்திரி லீக் ஆகி மெத்தையெல்லாம் ஆயிடுச்சு, அவர் அழுதுட்டார். நான் என்ன சொல்லியிருக்கணும்?

ஒண்ணும் சொல்லவேணாம். லைட்ட போட்டு, அவருக்கு துண்டு குடுத்து பாத்ரூமுக்கு போக விட்டுட்டு, விரிப்ப மாத்திடுங்க. "பரவால்ல பரவால்ல"ன்னு பத்து தடவ சொன்னா அது பெரிய விஷயமா ஆயிடும். மெத்தைக்கு வாட்டர்ப்ரூஃப் கவர் போடுங்க, கட்டிலுக்கு பக்கத்துலயே ஒரு டப்பாவுல வெட்டி வச்ச தட்டு, பை, துணி, கவர் எல்லாம் ரெடியா வச்சிடுங்க. வெளிய போறப்பவும் அதே மாதிரி ஒரு சின்ன பை கூடவே, ஆனா வெயில்ல நிக்கற வண்டிக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, சூட்டுல பசை உருகிடும்.

எனக்கு ஒரு கதை புடிக்கும். டென்மார்க்ல எலிஸ் ஸோரன்சன்னு ஒரு நர்ஸ், அவங்க தங்கச்சிக்கு ஸ்டோமா வச்சாங்க, லீக் ஆயிடும்னு பயந்து அந்த பொண்ணு வெளியவே போகல. தங்கச்சிக்காகத்தான் 1954ல எலிஸ் ஒட்டிக்கற மாதிரி, தூக்கிப்போடற மாதிரி ஒரு பைய யோசிச்சாங்க. இன்னிக்கு எல்லாரும் ஒட்டிக்கறது அதோட வாரிசுதான். ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தருக்காக கவலப்பட்டதுல வந்த பொருள்னு நெனச்சா மாத்தறப்ப எனக்கு ஒரு தெம்பா இருக்கும்.

நெறைய தண்ணி குடிக்க சொல்றோம், குடிக்கவும் செய்றார், ஆனாலும் தல சுத்துது, நாக்கு வறண்டு போகுது. ஏன்?

இத தயவுசெஞ்சு கவனமா படிங்க. சிறுகுடல்ல ஸ்டோமா வச்சவங்க மறுபடி ஆஸ்பத்திரில போய் படுக்கறதுக்கு பெரிய காரணமே இதுதான். பெருங்குடலோட வேலை தண்ணியையும் உப்பையும் உறிஞ்சறது. இப்ப சாப்பாடு பெருங்குடலுக்கு போறதே இல்ல, அதனால ரெண்டும் பைலயே வெளிய போயிடுது. வெறும் தண்ணிய நெறைய குடிச்சா அது குடல்ல இருக்கற உப்பையும் இழுத்துக்கிட்டு இன்னும் வேகமா வெளிய வந்துடும், அதாவது குடிக்க குடிக்க ஒடம்பு காயும். எங்க வீட்ல நான்தான் டம்ளர் டம்ளரா ஊத்தி குடுத்தேன், எனக்கு தெரியல.

உப்பும் சர்க்கரையும் சரியான அளவுல கலந்த ஓஆர்எஸ் வேணும், எந்த ஓஆர்எஸ், ஒரு நாளைக்கு எவ்ளோன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. ஏற்கனவே ஹார்ட், கிட்னி பிரச்சன இருக்கறவங்களுக்கு அளவு மாறும். பையில எவ்ளோ வருதுன்னு அளவு ஜக்ல புடிச்சு நோட்டுல எழுதுங்க. நாளுக்கு ஒண்ணர லிட்டர தாண்டினா, இல்ல சிறுநீர் கம்மியா மஞ்சளா கருத்துப்போய் வந்தா, நின்னா தல சுத்தினா அன்னிக்கே கூப்புடுங்க. கீமோவுலயும் வயித்தால போகும், அது இதோட சேந்துக்கிட்டா ஒரே நாள்ல ஆள சாச்சிடும். எங்களுக்கு ரெண்டாவது கீமோவுக்கு அப்பறம் அப்டி ஆகி ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதா போச்சு.

அதுக்கு நேர் எதிரா, பைக்கு நாலஞ்சு மணி நேரமா ஒண்ணுமே வரல, வயிறு முறுக்கி வலிக்குது, வாந்தின்னா அடைப்பா இருக்கலாம். அதுவும் காத்திருக்கற விஷயம் இல்ல. அப்ப மலத்த எளக்கற பேதி மாத்திர எதுவும் குடுத்துடாதீங்க. அடைப்பு வராம இருக்க மொத ஒண்ணர ரெண்டு மாசம் காளான், சோளம், கொட்டை வகை, தோலும் நாருமா இருக்கறத தவிர்க்க சொல்வாங்க, எதையும் நல்லா மென்னு சாப்பிடணும்.

போர்ட் வைக்கறது பெரிய ஆபரேஷனா?

இல்லிங்க. கழுத்து எலும்புக்கு கீழ தோலுக்கு அடில ஒரு சின்ன வட்டமான பெட்டி, அதுலருந்து ஒரு ட்யூப் பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போகும். மரத்துப்போக ஊசி போட்டு பண்ணுவாங்க, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், அன்னிக்கே வீட்டுக்கு வரலாம். கை நரம்ப தேடித்தேடி குத்தற கொடும கெடையாது. கொஞ்ச நாள் அந்த பக்கம் வலி இருக்கும், சீட் பெல்ட் அங்க உரசினா நடுவுல ஒரு துண்டு மடிச்சு வச்சுக்கலாம். அந்த எடம் செவந்து சூடா இருந்தா, கையோ கழுத்தோ வீங்கினா ஒடனே சொல்லணும்.

கீமோ பம்ப்போட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கையும் ஓடல காலும் ஓடல.

எனக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல, அது ஓடுதா நின்னுடுச்சான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டே இருந்தேன். ஃபோல்ஃபாக்ஸ்னு சொல்ற கீமோவுல ரெண்டு மருந்து ஆஸ்பத்திரிலயே ரெண்டு மணி நேரத்துல ஏறும், ஃபைவ் எஃப்யூ மட்டும் 46 மணி நேரம் மெதுவா ஏறணும், அதுக்குத்தான் பம்ப். எங்களுக்கு குடுத்தது பால் பாட்டில் சைஸ்ல உள்ள ஒரு பலூன் இருக்கறது, பலூன் சுருங்க சுருங்க மருந்து போகும், சத்தமோ லைட்டோ எதுவும் வராது. ஒரு மணி நேரத்துல வித்தியாசம் தெரியாது, காலைலயும் ராத்திரியும் பாத்தா சுருங்கியிருக்கறது தெரியும். படுக்கறப்ப தலகாணிக்கு அடில சூடா வைக்கவேணாம், ட்யூப் மடங்காம பாத்துக்கோங்க.

மருந்து கசிஞ்சா என்ன பண்றதுன்னு பம்ப் மாட்டறப்பவே கேட்டு வச்சுக்கோங்க, ஒரு ஸ்பில் கிட் குடுப்பாங்க. கசிஞ்சா ட்யூப்ல இருக்கற கிளாம்ப மூடிட்டு, கையொற போட்டுக்கிட்டு, கிட்ல சொன்ன மாதிரி தொடச்சிட்டு ஒடனே போன் பண்ணணும். தோல்ல பட்டா சோப்பு போட்டு நல்லா தண்ணி ஊத்தி கழுவணும்.

ஃப்ரிட்ஜ தொட்டா ஷாக் அடிக்குதுன்றார். பொய்யா சொல்றார்?

ஐயோ, பொய்யில்ல. ஃபோல்ஃபாக்ஸ் கீமோவுல இருக்கற ஆக்சாலிபிளாட்டின் மருந்து அப்டித்தான் பண்ணும். ஏறின அன்னிலருந்து அஞ்சாறு நாள் குளிர்ச்சியான எத தொட்டாலும் விரல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும், ஜில்லுனு குடிச்சா தொண்டைய யாரோ நெரிக்கிற மாதிரி, மூச்சே விட முடியாத மாதிரி பயம் வந்துடும். அப்ப வெதுவெதுப்பா எதாவது மெதுவா குடிச்சா தளர்ந்துடும். உண்மையிலயே மூச்சு இரைக்குது, ஒதடு வீங்குதுன்னா அது அலர்ஜியா இருக்கலாம், எமர்ஜென்சி. எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் கைப்பிடில ஒரு ஜோடி கையொற தொங்கும், தண்ணி எல்லாமே வெளிய. இன்னொன்னு, விரல் மரத்துப்போறது அடுத்த டோஸ் வரைக்கும் போகவே இல்லன்னா, சட்ட பட்டன் போட முடியலன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், டோஸ குறைக்கணுமான்னு அவங்க முடிவெடுப்பாங்க. இவர் சொல்லவே மாட்டேன்னார், குறைச்சா நோய் திரும்பிடுமோன்னு பயம். நான் அவர் முன்னாடியேதான் டாக்டர்கிட்ட சொன்னேன், ஆனா ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி "நான் இத சொல்லப்போறேன்"னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான்.

லேசா காய்ச்சல். ஒரு பாராசிட்டமால் போட்டு காலைல பாக்கலாமா?

கூடாது. கீமோ நடக்கறப்ப 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தா நேரம் பாக்காம கூப்புடணும், ராத்திரின்னாலும் கெளம்பணும். கீமோ போட்டு ஏழாவது நாள்லருந்து பதினாலாவது நாள் வரைக்கும் வெள்ள அணு ரொம்ப எறங்கியிருக்கும், அப்ப தொத்து வந்தா சில மணி நேரத்துலயே ரத்தத்துல பரவிடும். மாத்திர போட்டா காய்ச்சல் மட்டும் மறஞ்சிடும், தொத்து உள்ளயே இருக்கும். ஆள் நடுங்கறார், ஆனா டெம்பரேச்சர் இல்லன்னாலும் கூப்புடுங்க. போன உடனே "கீமோ பேஷன்ட், காய்ச்சல்"னு மொத வார்த்தையா சொல்லுங்க, வரிசைல உக்கார வைக்க மாட்டாங்க.

கீமோ போட்டவர கட்டிப்புடிக்கலாமா? சின்ன குழந்தைங்க இருக்கு.

தாராளமா கட்டிப்புடிக்கலாம், மடில உக்காரலாம், முத்தம் குடுக்கலாம். மருந்து வெளிய வர்றது ஒண்ணுக்கு, மலம், வாந்தி வழியாத்தான். பம்ப் எடுத்து ரெண்டு நாள் வரைக்கும் பை காலி பண்றப்பவும் சுத்தம் பண்றப்பவும் கையொற போடுங்க, டாய்லெட் மூடிய மூடி ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணுங்க, அழுக்கான துணிய தனியா தோய்ங்க. சில ஆஸ்பத்திரில இன்னும் கூட நாள் சொல்வாங்க. நீங்க கர்ப்பமா இருந்தா அந்த வேலைய வேற யாராவது பாத்துக்கட்டும்.

எங்க பொண்ணுகிட்ட அப்பா வயித்துல கொஞ்ச நாளைக்கு ஒரு பை இருக்கும்னு நேராவே சொன்னோம். ரெண்டு நாள் கேள்வி கேட்டா, அப்பறம் மறந்துட்டா. மறச்சிருந்தா கதவு சாத்தற சத்தத்துக்கெல்லாம் பயந்திருப்பா.

எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார். நான் என்ன தப்பு பண்ணேன்?

நீங்க தப்பு பண்ணல, பக்கத்துல இருக்கீங்க அவ்ளோதான். கீமோவோட குடுக்கற ஸ்டீராய்டும் ரெண்டு மூணு நாளைக்கு தூக்கத்த கெடுத்து கோவத்த ஏத்தும், எந்த நாள்ல கோவம் வருதுன்னு நோட்டுல குறிச்சு பாத்தா உங்களுக்கே புரியும். அந்த நாள்ல முக்கியமான பேச்சு எதுவும் எடுக்காதீங்க. ஆனா அடிக்கடி வாய்க்கு வந்தத பேசறார், உங்களுக்கு பயமா இருக்குன்னா அத மருந்துன்னு பொறுத்துக்கிட்டு போகவேணாம், கவுன்சிலர்கிட்ட சொல்லுங்க.

கோவத்த விட எனக்கு மௌனம்தான் கஷ்டமா இருந்துச்சு. "தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டே இருந்தேன், அவர் பேசறதயே நிறுத்திட்டார். ஒரு நாள் "எனக்கு பயமா இருக்கு"ன்னு நான் சொன்னதுக்கு அப்பறம்தான் அவரும் வாய தொறந்தார்.

கேக்க கூச்சமா இருக்கு. தாம்பத்தியம்?

கூச்சப்படாதீங்க, இத கேக்காத ஆளே இல்ல. இடுப்புக்குள்ள பண்ற ஆபரேஷனும் ரேடியேஷனும் அந்த நரம்புகள தொந்தரவு பண்ணும். ஆம்பளைங்களுக்கு விறைப்பு வராம போகலாம், பொம்பளைங்களுக்கு வறட்சி, வலி இருக்கலாம். சிலருக்கு மாசக்கணக்குல மெதுவா சரியாகும், சிலருக்கு மருந்து இல்ல சிகிச்ச வேணும், அதெல்லாம் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டாத்தான் குடுப்பாங்க. கீமோ நடக்கறப்பவும் முடிஞ்சு டாக்டர் சொல்ற காலம் வரைக்கும் கர்ப்பம் ஆகக்கூடாது, காண்டம் போடணும். பைய காலி பண்ணிட்டு, மடிச்சு, துணி பட்டை கட்டிக்கிட்டா இடைஞ்சல் இல்ல. ஸ்டோமாவுக்குள்ள எதையும் விடக்கூடாது.

இத விட முன்னாடி ஒண்ணு இருக்கு. பை வந்ததும் இவர் தள்ளி கட்டில் ஓரத்துல படுக்க ஆரம்பிச்சார், நானும் பை நசுங்கிடுமேன்னு தள்ளி படுத்தேன். நான் அருவருப்புல தள்ளி படுக்கறேன்னு அவர் நெனச்சுக்கிட்டார். ரெண்டு மாசம் இப்டியே போச்சு. "பை இல்லாத பக்கம் வந்து படுக்கவா"ன்னு ஒரு நாள் கேட்டேன். அந்த ஒரு கேள்விய மொத நாளே கேட்டிருக்கலாம்.

ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்றாங்க. குடுக்கலாமா?

டாக்டர்கிட்ட காட்டாம ஒண்ணுமே குடுக்காதீங்க. சத்து மாத்திரதானன்னு கூட நெனைக்காதீங்க, ஃபோலிக் ஆசிட் இருக்கற விட்டமின் மாத்திர ஃபைவ் எஃப்யூ, கேப்சைடபின் மருந்தோட விஷத்தன்மைய கூட்டும். சொல்றவங்ககிட்ட சண்ட போடவேணாம், "டாக்டர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்"னு ஒரே வரி போதும். அவங்களுக்கு உதவணும்னு ஆசைன்னா குழந்தைங்கள பாத்துக்க சொல்லுங்க, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு தொணைக்கு வர சொல்லுங்க, சந்தோஷமா வருவாங்க. யார்கிட்ட என்ன சொல்லணும், பை பத்தி சொல்லலாமா வேணாமாங்கறது மட்டும் அவர் முடிவு. நான் என் அக்காகிட்ட சொன்னது கூட அவர கேட்டுட்டுத்தான்.

எனக்கே முடியல. யார்கிட்ட சொல்றது?

யார்கிட்டயாவது இன்னிக்கே சொல்லுங்க. நான் சொல்லாம இருந்து, ஆறாவது கீமோ அன்னிக்கு ஆஸ்பத்திரி பார்க்கிங்ல வண்டிக்குள்ள உக்காந்துட்டு எறங்க முடியாம அரை மணி நேரம் இருந்தேன். அங்க இருந்த நர்ஸ் ஒருத்தங்க என்ன பாத்துட்டு "நீங்க எப்ப கடைசியா முழுசா தூங்குனீங்க"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல தெரியல. அதுக்கப்பறம் வாரத்துல ஒரு ராத்திரி அவர் தம்பி வந்து படுத்தார், நான் வேற ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கினேன். உங்க மாத்திர, உங்க செக்கப் எதையும் தள்ளிப்போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் இல்லாம, எதுலயும் மனசு ஒட்டாம இருந்தா உங்களுக்காக நீங்க ஒரு டாக்டர பாருங்க.

குடல மூடிட்டா எல்லாம் பழைய மாதிரி ஆயிடுமா?

ஒடனே ஆகாது, இத முன்னாடியே ரெண்டு பேரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மூடறதுக்கு முன்னாடி உள்ள தையல் நல்லா ஆறியிருக்கான்னு டெஸ்ட் பண்ணுவாங்க. மூடினதுக்கு அப்பறம், மலக்குடல்ல பெரும்பகுதி இல்லாததால சேத்து வைக்க எடம் கெடையாது, ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு தடவ கூட போக வேண்டி வரும், போயிட்டு வந்து உக்காந்தா மறுபடி வரும், அவசரமா வரும், அடக்க முடியாது. எல்ஏஆர்எஸ்னு இதுக்கு பேரே இருக்கு. பை போச்சேன்னு எல்லாரும் சந்தோஷப்படறப்ப இவர் "பையே தேவலாம் போல"ன்னார், எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்டி தோணறது சகஜம்னு அப்பறம் நர்ஸ் சொன்னாங்க. பல பேருக்கு ஆறு மாசத்துலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள படிப்படியா கொறையும், சிலருக்கு முழுசா போகாது. இடுப்பு தள தசைப் பயிற்சி, மலத்த கெட்டியாக்கற மருந்து, தோலுக்கு தடுப்பு க்ரீம் எல்லாம் இருக்கு, பொறுத்துக்கிட்டு இருக்காம கேளுங்க. இவருக்கு ஒண்ணர வருஷம் ஆச்சு. இப்ப நாளுக்கு மூணு நாலு தடவ.

மீதி இருக்கற பைங்கள என்ன பண்றது?

பிரிக்காத டப்பான்னா தேதி பாத்து ஸ்டோமா நர்ஸ்கிட்ட கேளுங்க, வாங்க முடியாதவங்களுக்கு குடுக்க வழி இருக்கும். எங்க வீட்ல நாலு டப்பா இருந்துச்சு, நான் எடுத்துட்டு போறேன்னேன், "நான் போறேன்"னார். கொண்டுபோய் குடுத்துட்டு, புதுசா ஸ்டோமா வச்ச ஒருத்தர்கிட்ட முக்கால் மணி நேரம் பேசிட்டு வந்தார். என்ன பேசினார்னு நான் கேக்கல.